பொட்டுக்குக் கீழே கையெழுத்து

நான் சேர்ப்பது செத்துப்போன கம்பெனிகளின் பங்குப் பத்திரங்கள். உயிரோடு இருக்கும் கம்பெனியின் பங்கு ஒன்றுகூட என்னிடம் இல்லை. இதைச் சொன்னால் ஓசூரில் யாரும் நம்புவதில்லை. நான் ஷேர் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டு, எதை வாங்கலாம் என்று யோசனை கேட்க வருகிறவர்கள் உண்டு. அவர்களை உட்காரவைத்து, எப்போதோ இழுத்து மூடிய ஒரு சணல் ஆலையின் பத்திரத்தைக் காட்டுவேன். ஓரமெல்லாம் கொடியும் பூவுமாக அச்சு, நடுவில் ஒரு கப்பல், கீழே சிவப்பு முத்திரை, அதன் பக்கத்தில் ஆலையைத் தொடங்கியவர் தன் கையால் போட்ட கையெழுத்து. காபி ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

எனக்கு வேண்டியது அந்தக் கையெழுத்துதான். தொழிலைத் தொடங்கியவர் ஆரம்பத்தில் எல்லாப் பத்திரத்திலும் தானே கையெழுத்துப் போடுவார். கம்பெனி வளர்ந்ததும் கை வலிக்க ஆரம்பிக்கும். பிறகு கையெழுத்தையும் சேர்த்தே அச்சடித்துவிடுவார்கள். அதற்கும் பிறகு பத்திரமே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. கையால் எழுதியதா, அச்சா என்பது லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கையெழுத்தில், பேனா திரும்புகிற இடங்களில் மை கொஞ்சம் தேங்கி நிற்கும். அச்சில் எல்லா இடமும் ஒரே கறுப்பு. இப்படிப் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் பீஸைக் கழித்துச் சிவப்புப் பெட்டியில் போடுகிறவன். கம்பெனியில் என்னைப் பிடித்தவர்கள் குறைவு.

என் மனைவிக்கு இந்தச் சேகரிப்பு பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. நாங்கள் இருவரும் விருதுநகர்ப் பக்கம். வீட்டுக்கு உறவினர் வந்தால், "செத்த கம்பெனிக்கெல்லாம் இவுகதான் காரியம் பண்ணுதாக" என்று அறிமுகப்படுத்துவாள்.

இதில் ஒரு வெட்கக்கேடு இருந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் எவரெவரோ போட்ட கையெழுத்துகள் என்னிடம் இருந்தன. நான் சம்பளம் வாங்கும் தொழிற்சாலையைத் தொடங்கியவரின் கையெழுத்து மட்டும் இல்லை. அவரைப் பெரிய முதலாளி என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவருக்குப் பின் கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப் பெயரையும் மாற்றினார்கள். பழைய பத்திரங்களையெல்லாம் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டார்கள். அவர் கையால் போட்டது ஒன்றாவது தப்பியிருக்காதா என்று பெங்களூரில் பழைய காகிதம் விற்பவர்களிடமெல்லாம் பல வருடம் கேட்டுவிட்டேன். இல்லை என்பதையே ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழியில் சொன்னார்கள்.

அது பாகலூரில் இருந்தது. எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் அந்த ஊர்க்காரர். பேச்சுவாக்கில்தான் சொன்னார்.

"எங்கூர்ல ஒரு பெரியவரு வூட்ல நீங்க வெச்சிருக்கற மாதிரி பேப்பர் ஒண்ணு சாமி படத்தோட தொங்குது சார். நம்ம கம்பெனி பழைய பேரு போட்டிருக்குது."

அடுத்த விடுமுறையன்று போய் நின்றேன். பெரியவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். மருமகளிடம் தெலுங்கில் மோர் கேட்டார், வாசலில் உரம் கொண்டுவந்த ஆளிடம் கன்னடத்தில் சண்டை போட்டார், பிறகு என்னிடம் தமிழில் திரும்பினார். சண்டையின் சூடு தமிழிலும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அந்தக் கம்பெனிலயா வேல செய்யறீங்க? கேட் அதே எடத்துலதான் இருக்குதா?"

"அதே இடந்தாங்க ஐயா."

"அந்த எடம் என்னுது," என்றார்.

தொழிற்சாலைக்கு நிலம் வாங்கியபோது கடைசிவரை கொடுக்க மாட்டேன் என்று நின்றவர் இவர். பெரிய முதலாளி அப்போது பெரிய முதலாளி இல்லை. ஒரு பழைய ஜீப்பில் தானே ஓட்டிக்கொண்டு வருவாராம். வந்து, வரப்பில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுவாராம். இப்படியே வந்து வந்து, ஒரு கட்டத்தில் இவருக்கே பாவமாகிக் கொடுத்துவிட்டார். விலை தனியாக வந்தது. அதோடு ஒரு பங்குப் பத்திரத்தையும் கொண்டுவந்து கையில் கொடுத்து, நீயும் இதில் கூட்டு என்றாராம்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. இதுல நீ எங்க இருக்கற, காட்டுன்னன். கையெழுத்து மேல வெரல வெச்சு, இங்க இருக்கறன்னாரு."

அதிலிருந்து ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தொழிற்சாலை வாசலில் முதல் பூசணிக்காயை உடைப்பது இவர்தான். பெரிய முதலாளி பக்கத்தில் கைகட்டி நிற்பாராம். அவர் காலமான மறு வருடமும் இவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பூசணிக்காயோடு போயிருக்கிறார். வாசலில் புது செக்யூரிட்டி. பாஸ் கேட்டிருக்கிறான். இவர் பூசணிக்காயைக் காட்டியிருக்கிறார். அது பாஸ் இல்லை என்று சொல்லிவிட்டான். திரும்பி வந்தவர் அதன்பின் போகவில்லை.

"கொழம்பு வெச்சுட்டம் அத," என்றார். சிரிக்கவில்லை.

பத்திரம் சாமி அறைச் சுவரில், முருகனுக்கும் வெங்கடாசலபதிக்கும் நடுவில், சட்டத்துக்குள் இருந்தது. கம்பெனியின் பழைய பெயர், முத்திரை, எல்லாம் சரி. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடி மேல், பெரிய வட்டமாகச் சந்தனமும் குங்குமமும். கண்ணாடியைக் கொஞ்சம் துடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழம. பொட்டத் தொடைக்கறதா?" என்றார். மருமகளும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

நானும் விட்டுவிட்டேன். நம் வீடுகளில் சாமி படத்துக்குப் பொட்டு கண்ணாடி மேல்தான் வைப்போம், கண்ணாடிக்குக் கீழே படம் பத்திரமாக இருக்கும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் பார்க்காமல் பாஸ் பண்ணிய முதல் பீஸ் அது.

பத்திரத்தைக் கேட்டேன். அவர் அதைப் பிரிய நினைத்ததற்குக் காரணம் இருந்தது. மகன் வீட்டை இடித்துக் கட்டப்போகிறான். புது வீட்டின் சுவருக்கு ஏதோ வழுவழுவென்று பூசுவார்களாம், அதில் ஆணி அடிக்கக் கூடாதாம். சாமிகளுக்கு மட்டும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அதில் இதற்கு இடமில்லை என்று மகன் முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

"எனக்குக் காசு வேணாம்," என்றார் பெரியவர். "இந்த ஆயுத பூஜைக்கு அந்த கேட்ல பூசணிக்கா நான் ஒடைக்கணும். அத மட்டும் பண்ணிக் குடுங்க. இது உங்களுது."

சரி என்று அந்த நிமிடமே சொன்னேன். ஒரு பூசணிக்காய்தானே என்று நினைத்தேன். தொழிற்சாலையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் எங்கள் பாதுகாப்பு அதிகாரி சேலத்துக்காரர். தினமும் நெற்றி நிறைய விபூதியோடு வருவார், ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஆஞ்சநேயர் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். பக்தி உள்ளவர், சொன்னால் புரிந்துகொள்வார் என்று நம்பிப் போனேன்.

"லெமன் அலவ்டு சார். பம்ப்கின் நாட் அலவ்டு," என்றார்.

உடைத்த பூசணிக்காயில் வழுக்கி எங்கேயோ ஒரு பைக் விழுந்ததாம். அதனால் இப்போது ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவதோடு சரி. நான் விடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கேள்விகள் பெருகும். எந்த விதி, எந்தப் பக்கம், பூசணிக்காய் என்று பெயர் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். அவரும் சளைத்தவர் இல்லை. ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்.

எழுதினேன். செயல்: பூசணிக்காய் உடைத்தல். ஆபத்து: சிதறல், வழுக்கல், கற்பூரத் தீ. தடுப்பு நடவடிக்கை: சுற்றிலும் கயிறு, தீயணைப்பு உருளை ஒன்று, துப்புரவுப் பணியாளர்கள் தயார் நிலையில், உடைப்பவருக்கு ஹெல்மெட். சிதறாமல் இருக்கத் தரையில் தடித்த ரப்பர் மேட். அந்த மேட் முழுக்க முழுக்க என் சொந்த யோசனை. அதைப் படித்ததும்தான் அவர் முகம் மலர்ந்தது. நல்ல கண்ட்ரோல் மெஷர் சார் என்று பாராட்டி, வாசலில் மஞ்சள் கோடு வரைக்கும் மட்டும் அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதுவும் கையால் போட்டதுதான், ஆனால் நான் சேர்ப்பதில்லை.

பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்பு வீட்டை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும்படி பெரியவர் ஆள் சொல்லி அனுப்பினார். இன்னும் உடைக்கவில்லையே என்றதற்கு, "பேச்சு பேசியாச்சுல்ல," என்று சட்டத்தோடு துணியில் சுற்றிக் கொடுத்தார். வழியெல்லாம் பைக்கை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டி வந்தேன்.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, சட்டத்தைக் கவிழ்த்து வைத்து ஆணிகளைக் கழற்றினேன். கண்ணாடி தனியாக வந்தது. கண்ணாடியில் இருந்த பொட்டும் அதோடு வந்தது. பத்திரத்தில் அதே இடத்தில் இன்னொரு பொட்டு இருந்தது.

அது ஒரு வருடத்துப் பொட்டு இல்லை. சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி சந்தனம். கண்ணாடியில் தினமும் வைத்தது மருமகள். வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று, சட்டத்தைக் கழற்றிக் காகிதத்திலேயே வைத்தது பெரியவர் என்று பிறகு தெரிந்தது. ஈரச் சந்தனம் பேனா மையை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மெல்லிய பிரஷ்ஷால் காய்ந்ததை உதிர்த்து, லென்ஸை வைத்தேன். காகிதம் பழுப்புச் சிவப்பாக ஊறி, நடுவில் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ஓரத்தில் எறும்பின் கால் அளவுக்கு ஒரு நீலம். அது எந்த எழுத்தின் எந்தக் கால் என்று சொல்ல யாராலும் முடியாது.

உலகத்தில் தப்பியிருந்த ஒரே கையெழுத்து, பொட்டு வைத்தே அழித்திருக்கிறார். முத்திரை மேல் வைத்திருக்கலாம், கம்பெனி பெயர் மேல் வைத்திருக்கலாம், ஒரு சாண் காகிதம் சும்மாதானே கிடந்தது என்று மனைவியிடம் கத்தினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அவரு கையெழுத்து மேலதானே வெரல வெச்சு இங்க இருக்கேன்னாராம். பெறகு பெரியவரு பொட்ட வேற எங்க வெப்பாரு?" என்றாள். "நீங்களும் அந்த ஒரு எடத்தத்தானே பாக்கீக."

லென்ஸை உறையில் போட்டு மூடினேன்.

அடுத்த நாள் பாகலூருக்குப் போனேன். பத்திரம் செல்லாது, எனக்கு வேண்டாம், நீங்கள் கையெழுத்தை அழித்துவிட்டீர்கள் என்று சொல்வதற்கு. அப்படிச் சொல்லிவிட்டால் பூசணிக்காய் ஏற்பாட்டையும் விட்டுவிடலாம். பாதுகாப்பு அதிகாரி நிம்மதியாக இருப்பார். சொல்ல வேண்டிய வாக்கியங்களை வழியிலேயே கோத்து வைத்திருந்தேன்.

இடித்த வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாம்பல் பூசணிக்காயை உருட்டி வெளியே எடுத்தார்.

"குந்தாரப்பள்ளி சந்தைக்குப் பையன இழுத்துட்டுப் போயி நானே பாத்து வாங்கினன். தட்டிப் பாரு தம்பி, சத்தம் எப்பிடி இருக்குது! வேட்டிகூட புதுசு எடுத்துட்டன்."

தட்டினேன். நல்ல சத்தம்தான். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

பூஜையன்று மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, பூசணிக்காயை மடியில் வைத்து அணைத்தபடி வந்தார். வாசலில் வாழைமரமும் மாவிலையும் கட்டியிருந்தது. செக்யூரிட்டி பாஸ் கொடுத்தான். தலைத்துண்டின் மேல் ஹெல்மெட் நிற்கவில்லை, துண்டை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஹெல்மெட்டின் பட்டையை முழுக்கத் தளர்த்தி, துண்டோடு சேர்த்து மாட்டினோம். விசிட்டர்களுக்கான பாதுகாப்பு வீடியோ இந்தியில் ஓடியது. மரியாதையாகக் கடைசிவரை பார்த்தார்.

"அந்தப் பொண்ணு என்னா சொல்லுது?"

"விழுந்துடாம நடக்கணும்னு சொல்லுதுங்க."

"நல்லதுதான் சொல்லுது," என்றார்.

வாசலில் கயிறு கட்டி, நடுவில் என் ரப்பர் மேட்டை விரித்திருந்தார்கள். பிரஸ் ஷாப்பில் அதிர்வு தாங்குவதற்குப் போடும் மேட். ஷிஃப்ட்காரர்கள் எல்லோரும் புதுச்சட்டையில் சுற்றி நின்றார்கள். பிளாண்ட் ஹெட் வடக்கே இருந்து மாற்றலாகி வந்தவர், அவருக்கு இது முதல் ஆயுத பூஜை. பெரியவர் பூசணிக்காயில் துளை போட்டு, குங்குமமும் காசும் இட்டு, கற்பூரத்தைக் கொளுத்தினார். வாசலைப் பார்த்து நிதானமாகச் சுற்றினார். தலைக்கு மேல் தூக்கி ஓங்கிப் போட்டார்.

தொம் என்று ஒரு சத்தம். பூசணிக்காய் மேட்டில் விழுந்து, ஒரு முறை எழும்பி, உருண்டு, பிளாண்ட் ஹெட்டின் ஷூவில் முட்டி நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. கற்பூரம் அணைந்துவிட்டது.

சடங்கே இதுதான் என்று நினைத்த பிளாண்ட் ஹெட் மட்டும் கைதட்டினார். பெரியவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மேட்டைப் போடச் சொன்னவன் நான். பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"இழுங்கடா அந்த மேட்ட!" என்று ஒரு குரல் வந்தது. பாதுகாப்பு அதிகாரி. யாரும் அசைவதற்குள் அவரே கயிற்றைத் தாண்டிக் குதித்து, குனிந்து, அந்தக் கனத்த மேட்டைத் தனியாளாக இழுத்து ஓரமாகப் போட்டார். நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து வழிந்தது. "ஒடைங்க பெரியவரே! சும்மா ஒடைங்க! அபசகுனமா போயிடும்!"

பூசணிக்காயை நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி கற்பூரம் கொளுத்தி, மறுபடி சுற்றினார். சிமெண்ட் தரையில் அது வெடித்த சத்தம் சாலைக்குக் கேட்டிருக்கும். குங்குமச் சிவப்பு எங்கும் தெறித்தது, பாதுகாப்பு அதிகாரியின் பேண்ட் முழங்கால் வரை. ஷிஃப்ட்காரர்கள் கத்திக்கொண்டு காசு பொறுக்க ஓடினார்கள், தடுப்பு நடவடிக்கை ஒன்றுமே மிஞ்சவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது கேட்டால் கற்பூரப் புகை என்று சொல்ல வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

பொரியும் இனிப்புப் பெட்டியும் வாங்கிக் கொடுத்து, அவரைப் பைக் வரை கூட்டிக்கொண்டு போனேன். மகன் வண்டியைத் திருப்பப் போனான். பெரியவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். எனக்குக் கண்ணு மங்கினதுல இருந்து அந்தப் பேப்பர நான் சரியாவே பாக்கல. வருசா வருசம் சட்டத்தக் கழட்டி, கையால தடவி, குத்துமதிப்பாதான் பொட்டு வெப்பன். நீ பிரிச்சுப் பாத்தியே, கையெழுத்து நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதுங்க ஐயா."

"நீல மை."

"நீலந்தாங்க."

"முடிக்கறப்ப ஒரு கோடு இழுத்திருப்பாரு, பாத்தியா?" குங்குமம் அப்பிய விரலைத் தூக்கி, என் முகத்துக்கு நேராகக் காற்றில் கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்து, கடைசியில் சின்னதாக ஒரு சுழி போட்டார். "இந்த மாதிரி. இருக்குதா?"

விரல் போன வழியை உற்றுப் பார்த்தேன். இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். காட்டினார்.

"அப்படியேதாங்க இருக்குது," என்றேன்.